டிரைபாடா, மோனோபாடா: உங்கள் படங்களைக் கொண்டே முடிவு செய்யும் முறை

ஒளிப்படம் எடுக்கத் தொடங்கியவர்கள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் அடுத்தபடியாக வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு தாங்கியைத்தான். மூன்று கால்கள் கொண்ட டிரைபாட் வேண்டுமா, ஒற்றைக் கால் கொண்ட மோனோபாட் போதுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து எடை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதைவிட, இதுவரை நீங்கள் எடுத்த படங்களை வைத்தே முடிவெடுப்பது நல்லது. ஏனெனில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான்: நீங்கள் விரும்பும் படத்துக்குத் தேவைப்படும் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விட ஷட்டர் திறந்திருக்கும் நேரம்.

படி 1: படம் ஏன் மங்கியது என்று பாருங்கள்

தெளிவில்லாமல் போன படங்களை மட்டும் தனியே எடுத்து, கணினியில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அசையாத சுவரும் தூணும் உட்படப் படத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டுத் தெரிந்தால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கேமரா அசைந்திருக்கிறது. பின்னணி துல்லியமாக இருந்து, ஓடிய குழந்தை மட்டும் மங்கியிருந்தால், அசைந்தது குழந்தைதான். நீங்கள் குறிவைத்த முகம் மங்கி, அதற்குப் பின்னால் இருந்த செடி தெளிவாகத் தெரிந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே தாங்கியால் சரிசெய்ய முடியும். உங்கள் குறைகள் பெரும்பாலும் இரண்டாவது வகையாக இருந்தால், எவ்வளவு உறுதியான டிரைபாடை வாங்கினாலும் பயன் இருக்காது. ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதும், அதற்கு ஈடாக ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) உயர்த்துவதோ அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) அகலமாகத் திறப்பதோதான் வழி.

படி 2: உங்கள் கையின் எல்லையைக் கண்டறியுங்கள்

ஃபிலிம் காலத்திலிருந்து வழங்கிவரும் எளிய விதி ஒன்று உண்டு. லென்ஸில் மி.மீ. கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும் குவியத் தூரத்தை ஒன்றுக்குக் கீழே எழுதினால், கையில் பிடித்து எடுக்கக்கூடிய மிகக் குறைந்த ஷட்டர் வேகம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடி என்பது அதன் கணக்கு. இந்த விதி 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்டக சென்சாருக்கு உரியது, காட்சியை 1.5 மடங்கு குறுக்கிக் காட்டும் (கிராப்) சிறிய சென்சார் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் 300 மி.மீ. போல நடந்துகொள்வதால், 1/320 நொடி வரை செல்ல வேண்டியிருக்கும். லென்ஸிலோ கேமராவுக்குள்ளோ அசைவைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி இருந்தால், இதைவிடக் குறைந்த வேகத்திலும் தெளிவான படம் எடுக்கலாம்.

எல்லோருடைய கையும் ஒரே அளவு உறுதியானதாக இருப்பதில்லை. ஆகவே விதியை மட்டும் நம்பாமல், அச்செழுத்துகள் உள்ள ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் லென்ஸில் 1/200, 1/100, 1/50, 1/25 நொடிகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து படங்கள் எடுத்துப் பாருங்கள். ஐந்தில் குறைந்தது நான்கு படங்களாவது தெளிவாக இருக்கும் மிகக் குறைந்த வேகமே உங்கள் எல்லை. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: விரும்பும் படத்துக்கு என்ன வேகம் தேவை?

பறக்கும் பறவையை உறைய வைக்க ஏறத்தாழ 1/2000 நொடியும், ஓடும் விளையாட்டு வீரருக்கு 1/500 முதல் 1/1000 நொடி வரையும், நடந்து செல்பவருக்கு 1/250 நொடியும் வேண்டும். மேடையில் நின்று பேசுபவருக்கு 1/125 நொடி போதும்; அவர் சற்று அசையாமல் நிற்கும் தருணம் பார்த்து எடுத்தால் 1/60 நொடியும் கைகொடுக்கும். மறுபக்கம், அருவி நீர் மென்மையான ஓட்டமாகத் தெரிய அரை நொடி முதல் இரண்டு நொடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அந்தி மங்கிய பிறகு ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8 என்று வைத்துக் கட்டடங்களை எடுத்தால் பல நொடிகள் ஆகலாம். நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் எடுப்பதற்கு 500 என்ற எண்ணைக் குவியத் தூரத்தால் வகுக்கும் தோராய விதியைப் பின்பற்றுவார்கள்; 20 மி.மீ. லென்ஸுக்கு அது 25 நொடி.

படி 4: இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்

தேவையான வேகம் உங்கள் கையின் எல்லையைவிட அதிகம் என்றால், அசைவைத் தடுக்கத் தாங்கி தேவையே இல்லை. அப்போது எஞ்சுவது எடை மட்டும். இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள, தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸை ஓர் ஆட்டம் முழுவதும் கண்ணருகே தூக்கிப் பிடித்திருந்தால் தோள் சோர்ந்து, குறியும் தவறத் தொடங்கும். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் ஒளிப்படக்காரர்களில் பலர் மோனோபாடு வைத்திருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

தேவையான வேகம் எல்லையைவிடச் சற்றுக் குறைவு, அதாவது இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் குறைவு என்றால், அதுவும் மோனோபாடின் களம்தான். ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்குவது, இங்கே ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரு மடங்காக்குவது. 1/200 நொடி எல்லையாக இருந்தவர் மோனோபாடின் துணையுடன் 1/50 நொடியில் எடுக்கலாம். பழகிய கைக்கு 1/25 நொடியும் கூடும். இதன் பயனை ஐஎஸ்ஓவில் பார்த்தால் தெளிவாக விளங்கும். 1/200 நொடிக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்ட இடத்தில், 1/50 நொடிக்கு ஐஎஸ்ஓ 800 போதும். நாய்ஸ் எனப்படும் புள்ளிகள் படத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். எடுக்கப்படும் பொருள் அசையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் மறக்கக் கூடாது.

1/15 நொடியைவிடக் குறைந்த வேகத்தில், அதாவது இன்னும் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து எடுக்கும் படங்கள்தான் உங்கள் விருப்பம் என்றால், தயங்காமல் டிரைபாடை வாங்குங்கள். ஒரு நொடிக்கு ஷட்டரைத் திறந்து வைத்து, மோனோபாடில் நம்பகமாகப் படம் எடுக்க முடியாது.

ஷட்டர் வேகம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் டிரைபாடைக் கேட்கும் பணிகளும் உண்டு. வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைப்பது, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து அடுக்குவது, இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ், படத்தில் நீங்களே இடம்பெறுவது ஆகியவற்றில் கேமரா ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தெளிவாகத் தெரியும் ஆழமே ஓரிரு மில்லிமீட்டர்தான். மோனோபாட் மேலும் கீழுமான அசைவை நன்றாகத் தடுத்தாலும், முன்னும் பின்னுமாக உடல் ஆடுவதைத் தடுப்பதில்லை. அந்தச் சிறு ஆட்டமே பூச்சியின் கண்ணிலிருந்து ஃபோகஸை விலக்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக, நெரிசலான இடத்தில் டிரைபாடின் விரிந்த கால்கள் பிறர் தடுக்கி விழக் காரணமாகும். பல அருங்காட்சியகங்களும் அரங்குகளும் டிரைபாடை அனுமதிப்பதில்லை. அவற்றில் சில மோனோபாடை அனுமதிக்கின்றன. ஆனாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்வதே முறை.

ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில், கணக்கு இரண்டு பக்கமும் சமமாக வந்தால், நான் டிரைபாடையே பரிந்துரைப்பேன். மோனோபாட் செய்யும் வேலையின் ஒரு பகுதியை உயர்ந்த ஐஎஸ்ஓவும் ஸ்டெபிலைசேஷனும் இன்று ஏற்றுக்கொள்கின்றன. முப்பது நொடி ஷட்டருக்கு அவை மாற்றாகாது. ஒரு காலைக் கழற்றி மோனோபாடாக மாற்றிக்கொள்ளக்கூடிய டிரைபாடுகளும் கிடைக்கின்றன. தொடக்கநிலையில் அது பொருத்தமான தேர்வு.

படி 5: அளவும் வலுவும்

டிரைபாடின் உயரத்தைப் பார்க்கும்போது, நடுத்தண்டை உயர்த்தாத நிலையில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று கால்களின் மேல் ஓர் ஒற்றைக் காலை நட்டதாகிவிடும், உறுதி குறையும். உங்கள் கண்கள் தரையிலிருந்து 155 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன என்று கொள்வோம். கேமராவைப் பொருத்தும் தலைப்பகுதியான ஹெட் 10 செ.மீ. உயரமும், கேமராவின் அடியிலிருந்து கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வரை 8 செ.மீ. உயரமும் இருந்தால், கால்களின் உயரம் 137 செ.மீ. இருந்தால் குனிய வேண்டியதில்லை. மோனோபாடுக்கு இந்தக் கணக்கைவிடப் பத்துப் பதினைந்து செ.மீ. கூடுதலாக இருப்பது நல்லது. சரிவில் நிற்கும்போதும், காலைச் சாய்த்து ஊன்றும்போதும் அந்த நீளம் உதவும்.

தாங்கும் எடை என்று தயாரிப்பாளர்கள் தரும் எண்ணை எல்லோரும் ஒரே முறையில் அளப்பதில்லை. ஆகையால் கேமரா, லென்ஸ் இரண்டின் மொத்த எடையைப்போல் குறைந்தது இரு மடங்கு தாங்குவதாகக் குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். கால்களில் அடுக்குகள் கூடக்கூட மடித்த நீளம் குறையும். அதே நேரத்தில் கடைசி அடுக்கு மெலிந்து, உறுதியும் குறையும். கார்பன் ஃபைபர் அலுமினியத்தைவிட எடை குறைவானது, அதிர்வையும் விரைவில் அடக்கும், விலை கூடுதல். தொலைதூரம் சுமந்து நடப்பவராக இல்லாவிட்டால் அலுமினியமே போதும்.

ஹெட் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். டிரைபாடுக்குப் பந்து மூட்டு உள்ள பால் ஹெட் வேகமானது. ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையிலும் திரும்பும். கட்டடங்களையும் பொருள்களையும் நிதானமாக எடுப்பவர்களுக்கு, ஒவ்வொரு திசைக்கும் தனிக் கைப்பிடி உள்ள மூவழி ஹெட் வசதியானது. மோனோபாடுக்குப் பால் ஹெட்டை நான் விரும்புவதில்லை, அது தளர்ந்தால் கனமான லென்ஸ் பக்கவாட்டில் சரிந்துவிடும். முன்னும் பின்னும் மட்டும் சாயும் டில்ட் ஹெட் போதும்; கிடைமட்டமாகத் திரும்ப மோனோபாடையே திருப்பிக்கொள்ளலாம். காலையும் ஹெட்டையும் தனித்தனியே வாங்கினால் திருகின் அளவைக் கவனியுங்கள். கேமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலத் துளை. கால்களின் உச்சியில் பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு இருக்கும். இரண்டையும் பொருத்தும் சிறிய இணைப்பு வளையம் எளிதில் கிடைக்கும்.

படி 6: டிரைபாடை நிறுத்தும் முறை

முதலில் தடித்த மேல் அடுக்குகளை நீட்டுங்கள். மெல்லிய கீழ் அடுக்குகள் தேவைப்பட்டால் மட்டும் போதும். ஒரு கால் நீங்கள் எடுக்கும் பொருளை நோக்கி இருக்கட்டும். அப்போது மற்ற இரண்டு கால்களுக்கு இடையே நீங்கள் தடுக்காமல் நிற்கலாம், லென்ஸின் எடையும் முன்காலின் மேல் விழும். சரிவான தரையில் இரண்டு கால்களைத் தாழ்வான பக்கத்தில் வையுங்கள். மட்டத்தைக் கால்களின் நீளத்தைக் கொண்டு சரிசெய்ய வேண்டும், ஹெட்டைச் சாய்த்து அல்ல. காற்று வீசினால் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடலாம். ஆனால் பை காற்றில் ஊசலாடினால் அதுவே அதிர்வை உண்டாக்கும் என்பதால், அதன் அடிப்பகுதி தரையைத் தொடும்படி விடுங்கள்.

பொத்தானை விரலால் அழுத்துவதே கேமராவை அசைக்கும். ஆகவே இரண்டு நொடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துங்கள். பழைய ஸ்டெபிலைசேஷன் அமைப்புகள் சில, அசைவே இல்லாதபோது தாமாகவே சிறு அசைவை உண்டாக்கும். டிரைபாடில் அதை அணைத்துவிடுவது பாதுகாப்பானது.

படி 7: மோனோபாடைப் பிடிக்கும் முறை

மோனோபாட் கேமராவைத் தானாக நிறுத்தி வைக்கும் கருவி அல்ல. உங்கள் இரண்டு கால்களோடு சேர்ந்து மூன்றாவது காலாகும்போதுதான் அது வேலை செய்கிறது. இதைக் கவனிக்காதவர்கள் காலை நேர்செங்குத்தாக உடலுக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, பிறகு பயனில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். மோனோபாடின் நுனியை உங்களுக்கு முன்னால், இரண்டு பாதங்களுக்கும் நடுவில், ஏறத்தாழ ஓர் அடித் தொலைவில் ஊன்றி, மேற்பகுதி உங்களை நோக்கிச் சற்றுச் சாயும்படி வையுங்கள். வ்யூஃபைண்டரைக் கண் புருவத்தோடு ஒட்டி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, ஒரு கையால் கேமராவை மெல்லக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மூச்சை நிதானமாக வெளியேற்றும்போது பொத்தானை அழுத்தி, மூன்று படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். முதல் படத்தில் விரலின் அழுத்தத்தால் அசைவு இருந்தாலும், அடுத்தவை பெரும்பாலும் தெளிவாக அமையும். நீண்ட லென்ஸாக இருந்தால், கேமராவின் அடியில் அல்லாமல் லென்ஸின் வளையத்தில் உள்ள பாதத்தில் மோனோபாடைப் பொருத்துங்கள். எடை சமநிலைப்படும், வளையத்தைத் தளர்த்தினால் கேமராவை நெடுக்குவாக்கில் திருப்புவதும் எளிதாகும்.

மோனோபாடில் ஸ்டெபிலைசேஷனை அணைக்கத் தேவையில்லை. ஓடும் ஒருவரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பி எடுக்கும்போது, லென்ஸில் இந்த முறைக்கான (பேனிங்) தனி நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். செங்குத்து அசைவை மட்டும் அடக்கி, நீங்கள் திருப்பும் திசையை அது விட்டுவிடும். கீழே மூன்று சிறு பாதங்கள் உள்ள மோனோபாடுகளும் உண்டு. அவற்றின் மேல் கேமராவை விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள்.

எந்தத் தாங்கியாக இருந்தாலும், கடற்கரையிலோ சேற்றிலோ பயன்படுத்திய அன்றே கால்களை நல்ல நீரில் கழுவி, அடுக்குகளை நீட்டிய நிலையில் உலர வைத்து, பூட்டுகளில் மணல் சிக்கவில்லை என்று பார்த்த பிறகே மடித்து வையுங்கள்.