மழை விட்டதும் சோலார் பிளேட்டுக்கு ஒரு காலை வேலை

எங்கள் பர்மாவின் பெகுப் பக்கம் மே நடுவில் பிடிக்கிற மழை அக்டோபரில்தான் விடும். அதுவரை கூரையில் இருக்கும் பிளேட்டை நாம் தொட வேண்டாம், வானமே கழுவிவிடும். நவம்பரிலிருந்துதான் நமக்கு வேலை. ரோட்டுப் புழுதி, அறுப்பு முடிந்து வைக்கோல் எரிக்கிற புகை, காக்கை எச்சம் எல்லாம் படியும். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் வரைக்கும் மழை அரிதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு காலை ஒதுக்கினால் போதும்.

முதலில் நேரம். வெயில் ஏறுமுன் செய்யுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். அதோடு தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத்திட்டாகக் கறை நிற்கும். தகரக் கூரை பனியில் வழுக்கும், அதனால் முடிந்தவரை ஏணியில் நின்றபடியே நீளக் கம்பில் துணி கட்டித் துடையுங்கள். பிளேட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே கரண்ட் உண்டாக்கும் செல்கள் கீறிவிடும், அது கண்ணுக்குத் தெரியாது.

ஏறுமுன் இன்வெர்ட்டரை அணையுங்கள், அடுத்து பிளேட்டிலிருந்து வரும் சுவிட்ச்சை அணையுங்கள். வெளிச்சம் இருக்கும்வரை பிளேட்டின் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். பிளேட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலரில் எதையாவது கழற்ற வேண்டுமென்றால் பிளேட் ஒயரை முதலில், பேட்டரி ஒயரைக் கடைசியில். மாட்டும்போது பேட்டரி முதலில்.

வெறும் தண்ணீர், மெத்தென்ற துணி, அவ்வளவுதான். சோப்புத்தூள் போட்டால் ஏடு மாதிரி ஒட்டிக்கொண்டு அடுத்த நாளே புழுதியை இழுக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் பீப்பாயில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் தானே கழன்றுவரும்.

சரி, கீழே இறங்குவோம். புதிதாக வைத்தவர்கள் பிளேட்டைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பார்கள், மூலையில் கிடக்கும் பேட்டரியைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். காசு போவது அங்கேதான். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். ஆசிட் பேட்டரிக்காரர்கள் உட்கார்ந்து படியுங்கள்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் சுருட்டு கூடாது, பேட்டரி விடும் வாயு தீப்பிடிக்கும். உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேல் தெரிந்தால் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் இப்போது ஊற்றுங்கள். முழு அளவுக்கு நிரப்புவது சாயங்காலம், சார்ஜ் ஏறிய பிறகு. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் மட்டம் உயரும், காலையிலேயே நிரப்பி வைத்தால் ஆசிட் வழிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் ஆகாது. நான் ஒரு தடவை வீட்டில் குடிக்க வாங்கும் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். 'சுத்தமான தண்ணீர்தானே' என்று நினைப்பு. குடிதண்ணீரில் உள்ள தாது தகட்டைக் கெடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வருடம்கூட அந்த பேட்டரி தாங்கவில்லை.

முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் பழைய பல் பிரஷ்ஷில் தேயுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக்கூடாது. துடைத்து, இறுக்கி, லேசாக வாசலின் தடவுங்கள்.

எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணி நேரம் விட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. விடியும்போது தினமும் 12-க்குக் கீழே என்றால் ராத்திரி ஃபேனைக் குறைக்க வேண்டியதுதான். 'மீ லாபி' (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருப் பிள்ளைகள் கத்தும்வரை தாங்கட்டும் என்று பேட்டரியைச் சொட்டுவரை வடித்தால் அது சீக்கிரம் செத்துப்போகும்.

கடைசியாக நிழல். ஒரு தென்னை மட்டை நிழல் விழுந்தால் அந்த அளவுக்குத்தான் குறையும் என்று நினைக்காதீர்கள். செல்கள் பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்று மறைந்தால் அந்த வரிசையே இளைத்துவிடும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. மே கடைசியிலிருந்து ஜூலை வரை நம் ஊரில் நடுப்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாயும். ஜூனில் தொந்தரவு தராத தெற்கு வீட்டுத் தென்னை டிசம்பரில் பிளேட்டின் மேல் வந்து படுக்கும். போன வருடம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு மட்டை வெட்டக் கேட்டேன். "காய் எதையும் தொடாதே தம்பி" என்று சொல்லி, அரிவாளையும் அவர்களே கொடுத்தார்கள்.