பழைய பம்ப் துப்பாக்கிக்கு என்ன விலை சொல்லலாம்?

குடியாத்தம், ஆம்பூர் பக்கம் தாத்தா காலத்து 12 போர் பம்ப் துப்பாக்கி விலைக்கு வந்தால், விற்பவர் வாயில் முதலில் வருவது "வின்செஸ்டருங்க, அமெரிக்கா சரக்கு" என்பதுதான். அந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டுக் குழலையும் காகிதத்தையும் பாருங்கள். விலை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

காகிதம் முதலில். உரிமத்தில் எழுதிய எண்ணும் துப்பாக்கியில் அடித்த எண்ணும் ஓர் இலக்கம்கூட மாறக் கூடாது. பழைய தாள்களில் வட ஆற்காடு என்றே இருக்கும். 1989-ல் ஒரு முறை, 2019-ல் ஒரு முறை மாவட்டம் பிரிந்துவிட்டது. வாலாஜாக்காரரின் கோப்பு இன்று ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரருடையது திருப்பத்தூர். சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை. தனியாள் தனியாளுக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். வாங்குபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

கையில் வாங்கியதும் பம்பை, அதாவது குழலுக்கடியில் நகரும் முன்கைப்பிடியை, பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறையைப் பாருங்கள், விரலும் விட்டுப் பாருங்கள். குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் அடிக்குழாயிலும் தோட்டா ஒளிந்திருக்கும். அதையும் காலி செய்த பிறகே மற்றது.

குழலுக்குள் சுத்தமான துணி விட்டுத் துடைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். உள்ளே வளையமாக ஒரு நிழல் விழுந்தால் அந்த இடம் உப்பியிருக்கிறது, அடைப்போடு சுட்டிருப்பார்கள். வெளியே விரலால் வருடினாலும் மேடு தட்டும். அதைக் கழித்து விலை பேசக்கூட வேண்டாம், விட்டுவிடுங்கள். துருக்குழி வேறு விஷயம். பழைய தோட்டாவின் மருந்து அறையை ஒட்டி அரித்திருக்கும். தோல் உறையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்த துப்பாக்கிக்கு, தோல் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், வெளியிலும் அரிப்பு இருக்கும். தோல் ஊர்க்காரர்கள் நல்ல உறைதான் தைத்துத் தருகிறார்கள். எடுத்துப் போகத்தான் அது, படுக்க வைக்க அல்ல. லேசான புள்ளிகளால் சுடுவதற்குக் கெடுதல் இல்லை, விலை குறையும். அறையருகே ஆழமான குழி இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து நீளம். பம்பை மூடி, வாய்வழியே மரக்குச்சியை குழலை அடைத்து நிற்கும் பூட்டின் முகம் தட்டும்வரை விட்டு அளவெடுங்கள். 26, 28, 30 அங்குலம் வழக்கமானவை. 27¼ என்று வந்தால் யாரோ அறுத்திருக்கலாம். குழல்வாயின் குறுக்கத்தைச் சோக்கு என்பார்கள். குழலில் ஃபுல் என்று அடித்திருக்கிறதா? 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; ஃபுல் சோக்கில் வாய் ஏறக்குறைய 1 மி.மீ. குறுகியிருக்க வேண்டும். வெர்னியர் அளவியில் வாயும் 18.5 காட்டினால் சோக்கு அறுபட்டுப் போயிற்று. 20 அங்குலத்துக்குக் கீழே வந்துவிட்டால் தடைசெய்யப்பட்ட வகை, தொடவே கூடாது.

அறை நீளம் 2¾ அங்குலம், அதாவது 70 மி.மீ. என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பழைய 16 போர் வின்செஸ்டர் மாடல் 12-களில் 65 மி.மீ. அறையும் உண்டு. அதில் 70 மி.மீ. தோட்டா நுழையும், சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

இயக்கத்தை மருந்தில்லாத டம்மி தோட்டா ஐந்தாறு போட்டுச் சோதியுங்கள். குதிரை, அதாவது உள்ளே அடிக்கும் சுத்தி, ஏறிய நிலையில், விடுவிப்புப் பொத்தானை அழுத்தாமல் பம்ப் பின்னுக்கு வரக் கூடாது. சேஃப்டி போட்டு விசையை இழுத்து விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுக்கும்போது குதிரை விழுந்தால் பழுது. ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா வந்தால் தோட்டாவைத் தடுக்கும் தகடு தளர்ந்திருக்கும். ரெமிங்டன் 870-ல் அது உடலோடு அடித்துப் பொருத்தியது, எனவே உரிமமுள்ள பழுதுபார்ப்பவர்தான் கை வைக்க வேண்டும். குழலைக் கழற்றும் வகை மாடல் 12-ல் குழல் ஆடினால் சரிக்கட்டும் வளையத்தைப் பல் பல்லாகத் திருப்பலாம். பல் மிச்சமிருந்தால் செலவில்லை, தீர்ந்திருந்தால் பெரிய வளையம் தேட வேண்டும். அதன் உடல் எண்ணும் குழல் பக்க எண்ணும் ஒன்றாக இருப்பது முக்கியம்.

வின்செஸ்டரின் மாடல் 97, மாடல் 12, 1975-க்கு முந்தைய இதாகா 37 ஆகியவற்றில் விசையைப் பிடித்தபடி பம்பை மூடினால் வெடிக்கும். அமைப்பே அப்படி. அதற்காக விலையைக் குறைக்க வேண்டாம், தெரிந்து பிடித்தால் போதும்.

தோளில் வைக்கும் கட்டையில் பார்க்க வேண்டிய இடம் உடலோடு சேரும் கழுத்து. வேலூர் வெயிலில் காய்ந்து சுருங்கிய மரத்தில் அங்கேதான் விரிசல் ஓடும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது. நீல மெருகு பளபளவென்று இருந்து எழுத்தோரங்கள் மழுங்கியிருந்தால் மறுமெருகு. சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை அதோடு போயிற்று.

இனி கணக்கு. சென்னையில் இரண்டு மூன்று உரிமக் கடைகளில் நல்ல நிலையிலுள்ள பம்ப் துப்பாக்கிக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். இறக்குமதி நின்று வெகுகாலமாகிவிட்டதால் கேட்பது அதிகமாகத்தான் இருக்கும். கேட்ட விலையும் கைமாறிய விலையும் ஒன்றல்ல. அதிலிருந்து பழுதுச் செலவையும், பாகம் கிடைக்காத துப்பாக்கி என்றால் இன்னும் கொஞ்சத்தையும் கழியுங்கள். 1964-க்கு முந்தைய மாடல் 12, அசல் மெருகு, ஒத்த எண், அறுபடாத குழல் என்று நான்கும் சேர்ந்தால் மட்டும் கழித்ததில் பாதியைத் திருப்பிக் கூட்டலாம்.

விலை படிந்தால் சிறு முன்பணம் மட்டும் கொடுத்து ரசீதில் துப்பாக்கி எண்ணை எழுதி வாங்குங்கள். மீதி, 45 நாள் கழிந்து உங்கள் உரிமத்தில் பதிவேறும் அன்று.