ஈ.கோலைக்கு மூச்சு முட்டாமல் பயோரியாக்டரை ஓட்டுவது எப்படி?

நுண்ணுயிரை வளர்க்கும் கலனான பயோரியாக்டர், ஆக்சிஜன் விஷயத்தில் ஓர் அன்றாடங்காய்ச்சி. 37 டிகிரியில் எவ்வளவு காற்றை ஊதினாலும் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்பது சுமார் 7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். அடர்ந்து வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியா அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். சேமிக்க வழியில்லை, கரைந்துகொண்டே இருக்க வேண்டும்.

5 லிட்டர் கண்ணாடிக் கலனில் 3 லிட்டர் ஊடகம் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்) இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் டிஓவை, அதாவது கரைந்த ஆக்சிஜனை, அளக்கும் எலக்ட்ரோடு. ஆட்டோகிளேவில் நீராவிக் கிருமிநீக்கம் முடிந்து கலன் 37 டிகிரிக்கு வந்ததும் நைட்ரஜனை விட்டு 0, காற்றை விட்டு 100 என்று அளவு திருத்துங்கள். பழைய போலரோகிராஃபிக் வகை என்றால் அதற்கு முன்பே சில மணி நேரம் மின்னிணைப்பில் இருக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் இரவு முழுக்கப் பொய் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

2. விதைக் கரைசலை (முன்கூட்டியே வளர்த்த சிறிதளவு ஈ.கோலையை) சேர்த்து, 300 ஆர்பிஎம் சுழற்சியோடும் நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்றோடும் தொடங்குங்கள். டிஓ 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

3. டிஓ இறங்க இறங்கச் சுழற்சியைக் கூட்டுங்கள். கலக்கும் விசிறியான இம்பெல்லர் குமிழிகளை நொறுக்கும். குமிழி சிறுத்தால் மொத்தப் பரப்பு கூடும், ஆக்சிஜன் வேகமாகக் கரையும். காற்றை மட்டும் கண்டபடி கூட்டினால் இம்பெல்லரையே குமிழி சூழ்ந்துவிடும். அது வெறும் காற்றில் சுழலும்.

4. சுழற்சி உச்சத்தைத் தொட்டபின் காற்றோடு தூய ஆக்சிஜனைக் கலக்கலாம். தூய ஆக்சிஜன் காற்றைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும். சிலிண்டர் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பிடிக்கும்.

5. அதுவும் போதவில்லையா? உணவாக உள்ளே செலுத்தும் குளுக்கோஸ் ஃபீடைக் குறையுங்கள். என்னைக் கேட்டால் உண்மையான கடிவாளம் இதுதான். உணவு மிஞ்சி ஆக்சிஜன் குறைந்தால் ஈ.கோலை அசிட்டேட் என்ற கழிவைக் கக்கி, தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஃபீடைச் சற்று நிறுத்திப் பாருங்கள். டிஓ சட்டென்று ஏறினால் குளுக்கோஸ் தேங்கவில்லை. ஏறாவிட்டால் தேங்கியிருக்கலாம், ஏறும்வரை ஃபீடைத் திறக்காதீர்கள்.

அப்புறம் நுரை. நுரையடக்கியான ஆன்டிஃபோம் சொட்டியதும் டிஓ சரியும், ஏனெனில் சிறு குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும். முதல்முறை இது தெரியாமல் நான் பதறிப்போய்க் காற்றைக் கூட்டினேன். நுரை இன்னும் பொங்கியது, வெளியேற்று ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொண்டது, அன்றைய ரன் அதோடு போயிற்று. ஆன்டிஃபோமை ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். அடுத்த சொட்டுக்கு முன் டிஓ மீள்கிறதா என்று பாருங்கள்.