நிரல் எழுதும் முன், முடிவு யார் கையில் என்று பாருங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வந்து, கட்டற்ற மென்பொருள் (யாரும் நிரலைப் படித்து, திருத்தி அனுப்பக்கூடிய மென்பொருள்) வகுப்பு எடுக்கிறேன். சென்ற ஆண்டு என் மாணவி ஒருவர் ஒரு செயலியில் தமிழ்த் தேதி வடிவத்தை மூன்று வாரம் உழைத்துத் திருத்தினார். அரட்டைக் குழுவில் மூன்று பேர் "அருமை, அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினார், நிராகரித்துவிட்டார்கள். பாராட்டிய மூவரில் ஒருவருக்கும் அதைச் சேர்க்கும் அதிகாரம் இல்லை. இப்போது வகுப்பில் முதல் பாடமே இதுதான்.

படி 1: கோப்பைத் தேடுங்கள்

நீங்கள் திருத்தம் அனுப்ப நினைக்கும் மென்பொருள் திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் 'கவர்னன்ஸ்' (நிர்வாக முறை), 'மெயின்டெய்னர்ஸ்' (பராமரிப்பாளர்கள்), 'கான்ட்ரிபியூட்டிங்' (பங்களிக்கும் முறை) என்ற பெயர்களில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பது மெயின்டெய்னர்ஸ் கோப்பில் வரிசையாக இருக்கும்.

படி 2: கோப்பு இல்லையென்றால்

கடைசியாகச் சேர்க்கப்பட்ட இருபது மாற்றங்களைத் திறந்து, இணைத்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையோர மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் அதிகாரம் எந்தத் தாளிலும் இல்லை. யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருபவர்தான் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 3: எந்த வகை அதிகாரம்?

கெர்னலில் கடைசிச் சொல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுடையது. பைத்தான் நிரல்மொழியில் அதை உருவாக்கிய குய்டோ வான் ரோசம் அப்படித்தான் இருந்தார்; ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய கடும் விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் விலகினார். இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு முடிவெடுக்கிறது. தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் இயங்குதளத் திட்டத்துக்கு 1998 முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பே உண்டு. தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் அவர் யாரையும் வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தன்னார்வ உழைப்பை மதிக்கும் இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

படி 4: மௌனத்துக்கு என்ன பொருள்?

அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் திட்டங்களில் வாக்களிக்கும்போது +1 ஆதரவு, -1 எதிர்ப்பு. நிரல் மாற்றத்துக்கு வாக்குரிமை உள்ள ஒருவர் தொழில்நுட்பக் காரணத்தோடு -1 போட்டால் அது நின்றுவிடும். காரணம் சொல்லாத தடை செல்லாது. முன்மொழிந்து, வழக்கமாக 72 மணி நேரம் காத்திருந்தும் யாரும் மறுக்கவில்லையென்றால் சம்மதம் என்று கொள்வார்கள். எல்லாத் திட்டங்களிலும் அப்படியல்ல. வேறிடத்தில் மௌனம் என்றால், யாரும் இன்னும் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

படி 5: முதலில் கேளுங்கள்

"இந்த மாற்றம் இங்கே செய்ய வேண்டியதா? முடிவெடுப்பவர் யார்?" இரண்டே வரி போதும்.

என் மாணவி பிறகு இதைத்தான் கேட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது: தேதி வடிவங்களை அந்தச் செயலி யூனிகோட் அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவிலிருந்து (ஒவ்வொரு மொழியிலும் தேதி, எண் போன்றவற்றை எப்படி எழுதுவது என்ற பொதுத் தொகுப்பு) எடுத்துக்கொள்கிறது, திருத்தம் அங்கேதான் போக வேண்டும். அங்கே மொழிவாரியாக வாக்கெடுப்பு நடக்கிறது. எல்லா வாக்குக்கும் ஒரே எடை கிடையாது. அதன் விதிகளை இப்போது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.