கடலோரக் குன்றுப் பகுதிகளில் சந்தடியற்ற சைக்கிள் பாதையை வகுத்துக்கொள்வது எப்படி?

கடலோரக் குன்றுப் பகுதியில் சைக்கிள் ஓட்டத் திட்டமிடுபவர்களில் பலர், வரைபடத்தை விரித்ததும் கரையை ஒட்டிச் செல்லும் சாலையின் மீதுதான் முதலில் விரலை வைப்பார்கள். அலையைப் பார்த்தபடியே போகலாம் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் காரில் வருபவர்களுக்கும் அதே ஆசைதான் இருக்கிறது. போதாததற்கு, குன்றுகள் கடலோடு வந்து முட்டும் நிலத்தில் சாலை போட அகலமான இடம் கிடைப்பதே அரிது என்பதால், கிடைத்த ஒரே தடத்தில் பேருந்தும் லாரியும் சுற்றுலா வாகனமும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. சந்தடியற்ற பாதையைக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஊருக்கு ஊர் வளைந்து செல்லும் சிறு சாலைகளில் தேட வேண்டும். அங்கே வாகனங்கள் குறைவு, ஏற்றங்கள் அதிகம். எந்த ஏற்றத்தை ஏற்பது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்வதுதான் பாதை வகுப்பதில் பெரும்பகுதி வேலை.

அதற்கு முதலில் தண்ணீர் ஓடும் திசையைக் கவனிக்க வேண்டும். குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆறுகளும் ஏறத்தாழக் கரைக்குச் செங்குத்தாகவே நிலத்தை அறுத்துக்கொண்டு கடலை அடைகின்றன. கடந்த பனியுகத்தின் உச்சத்திலிருந்து, அதாவது சுமார் 20,000 ஆண்டுகளில், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் உயர்ந்ததால், பல கரைகளில் அந்தப் பள்ளத்தாக்குகளின் கீழ்ப்பகுதி கடலுக்குள் மூழ்கி நீண்ட கழிமுகங்களாகிவிட்டது. ஸ்பெயினின் கலீசியக் கரையும் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையும் இப்படி உருவானவையே. இத்தகைய நிலத்தில் கரைக்கு இணையாகப் போகும் சாலை ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி ஏற வேண்டும். கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி ஒரு மேட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு போகும் சாலையோ, ஒருமுறை ஏறிவிட்டால் நெடுந்தூரம் அதே உயரத்தில் ஓடும். ஆகவே நாள் முழுவதும் கரைக்கு இணையாகச் செல்வதைவிட, ஒரு முதுகில் உள்ளே போய், மேலேயே குறுக்காகக் கடந்து, இன்னொரு முதுகில் கரைக்குத் திரும்பும் வளையமாகப் பாதையை அமைப்பது நல்லது. தூரம் கூடினாலும், மொத்த ஏற்றம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

சாய்வைக் கணக்கிட, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகள் வரையப்பட்ட வரைபடம் போதும். 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு உயர வேறுபாடு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டைத் தொடுவதற்குள் 4 மில்லிமீட்டர் கடந்தால், தரையில் அது 200 மீட்டர்; 200 மீட்டரில் 20 மீட்டர் உயர்வது 10 சதவீதச் சாய்வு. அதே இடைவெளி 2 மில்லிமீட்டராகச் சுருங்கினால் சாய்வு 20 சதவீதம். அங்கே பழகியவர்களே இறங்கித் தள்ளக்கூடும். சராசரிச் சாய்வை மட்டும் நம்பக் கூடாது. மூன்று கிலோமீட்டருக்குச் சராசரி 5 சதவீதம் என்று காட்டும் ஏற்றத்தின் நடுவே 15 சதவீதத்தில் முந்நூறு மீட்டர் ஒளிந்திருக்கலாம். நாம் நினைவில் வைத்திருக்கப்போவது அந்த முந்நூறு மீட்டரைத்தான்.

செயலிகள் காட்டும் உயர வரைபடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட அளவீட்டைச் சார்ந்தது. அது ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் கிடைக்கிறது. சமவெளியில் இதனால் பாதகமில்லை. செங்குத்தான கடற்பாறையின் விளிம்பிலோ குடைந்தெடுத்த மலைச்சரிவிலோ சாலை செல்லும்போது, ஒரு புள்ளி பாறையின் உச்சியிலும் அடுத்த புள்ளி பள்ளத்திலும் விழ, சமமான சாலைகூட ரம்பப் பல்லைப்போல் ஏறி இறங்குவதாகத் தோன்றும். உயரமான பாலத்தைப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுவதாகவும், சுரங்கப்பாதையை மலையைத் தாண்டுவதாகவும் காட்டுவதற்கு, அந்தத் தரவு சாலையின் உயரத்தை அல்லாமல் நிலப்பரப்பின் உயரத்தையே சொல்வதுதான் காரணம். கரையோரத்தில் நம்பமுடியாத சாய்வு தென்பட்டால், பயந்து பாதையை மாற்றும் முன் சம உயரக்கோடுகளோடும் செயற்கைக்கோள் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சந்தடி குறைவான சாலையை அடையாளம் காண, இரு பெரிய ஊர்களுக்கு இடையே அது மிகக் குறுகிய வழியா என்பதே எனக்குத் தெரிந்த முதல் கேள்வி. குறுகிய வழியாக இருந்தால், எவ்வளவு ஒடுங்கிய சாலையானாலும் அலுவலக நேரத்தில் கார்கள் அதில் புகுந்துவிடும். சுற்றிப்போகும் சாலையாக இருந்தால், அங்கே குடியிருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதனால் பயனில்லை. புதிய நெடுஞ்சாலை வந்த பிறகு கைவிடப்பட்ட பழைய சாலை இன்னொரு நல்வாய்ப்பு: பெரும்பாலும் மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ ஏறுவதற்காகப் போடப்பட்டதால் அதன் சாய்வு மிதமாக இருக்கும், வாகனங்கள் எல்லாம் புதிய சாலைக்குப் போயிருக்கும். 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் சாலைகளைத் தரம் பிரித்துக் காட்டுவதோடு, பல இடங்களில் தளம் தாரா, கான்கிரீட்டா, மண்ணா என்பதையும் பதிவு செய்திருக்கிறது. அதைத் தன்னார்வலர்களே வரைவதால், ஆள் போகாத பகுதியில் தளத்தைப் பற்றிய குறிப்பே இல்லாமல் போகலாம். குறிப்பில்லாத சாலையைத் தார்ச்சாலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற சைக்கிள்காரர்கள் சென்ற தடங்களைக் காட்டும் வெப்பப்படமும் உதவும். ஆனால் அதில் பளிச்சென்று ஒளிரும் கோடு பலர் ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது, அமைதியானது என்பதை அல்ல. நெரிசலான கரையோரச் சாலையும் அங்கே பிரகாசமாகவே தெரியும். கடலில் போய் முடியும் முட்டுச்சாலைகளையும் அளவாகச் சேர்க்க வேண்டும். சிற்றூர்த் துறைகளுக்கு இறங்கும் அவை அழகானவைதான், என்றாலும் இறங்கிய உயரம் முழுவதையும் அதே வழியில் திரும்ப ஏறியாக வேண்டும். நாளொன்றுக்கு ஒன்று போதும்.

இனி கியர். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோ, தாக்குப்பிடித்து ஓட்டக்கூடிய திறன் 150 வாட் என்று கொண்டால், 10 சதவீத ஏற்றத்தில் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டாது. முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 34 பல் கொண்ட மிகச் சிறிய கியரில்கூட அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 55 சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். 15 சதவீதத்தில் 37 சுற்றை எட்டுவதே அரிது. முழங்காலில் வலி தொடங்குவது இப்படி அழுத்தி மிதிக்கும் நேரத்தில்தான். முன்னால் 30 பல், பின்னால் 36 பல் என்று மாற்றிக்கொண்டால் அதே 15 சதவீதத்தில் பெடல் 44 சுற்றுவரை சுழலும், கால் தப்பிக்கும். கடலோரக் குன்றுகள் உயரத்தில் மலைகளுக்கு ஈடாகாதவை என்பதால் பலர் கியரை அலட்சியம் செய்கிறார்கள். மலைச்சாலை கொண்டை ஊசி வளைவுகளால் சாய்வைப் பரப்பிவிடுகிறது. நூறு மீட்டர் குன்றின் மீது போகும் கிராமச்சாலையோ நேராக மேலே பாய்கிறது. மேலே சொன்ன எடைக்கும் திறனுக்கும் 100 மீட்டர் உயரம் ஏற 9 முதல் 10 நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையில் ஏற்றங்கள் மட்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு நாளின் பயணத்தைத் தூரத்தை வைத்துத் திட்டமிடாமல் ஏற்றத்தை வைத்துத் திட்டமிட வேண்டும்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெளிவான வெயில் நாளில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், முற்பகலில் தொடங்கும் கடற்காற்று பிற்பகலில் உச்சத்தை அடைந்து, மாலையில் தணிகிறது. காற்றின் எதிர்ப்பு, காற்றைச் சார்ந்த நம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால், எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். எனவே விடிந்ததும் கிளம்பி, காற்று எழுவதற்குள் கரைக்கு இறங்கிவிட்டு, பிற்பகலில் கடற்காற்று முதுகில் தள்ள உள்நாட்டுக்கு ஏறுவது உத்தமம். விடியற்காலையில் வாகனங்களும் குறைவு. கடற்கரைக்குப் போகும் கூட்டம் முற்பகலில்தான் வந்து சேரும். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு: ஏற்றத்தில் நம் வேகமும் பின்காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால் உடம்பில் காற்றே படாது, வியர்வை உலராது, சூடு ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட ஏற்றத்தை நிழல் உள்ள சரிவில் அமைத்துக்கொள்வதும், தொடங்கும் முன் தண்ணீர் நிரப்பிக்கொள்வதும் அவசியம்.

வளையத்தை எந்தத் திசையில் சுற்றுவது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் நாடுகளில் கடல் இடக்கைப் பக்கம் இருக்குமாறு சென்றால், நமக்கும் கடலுக்கும் இடையே எதிர்வரும் வண்டிகள் இருக்காது. தீவையோ தீபகற்பத்தையோ சுற்றும்போது இது கடிகாரச் சுற்றாக அமையும். வலப்பக்கம் செல்லும் நாடுகளில் இதற்கு நேர்மாறு. ஆனால் செங்குத்தான ஒரு சரிவு வளையத்தில் இருந்தால், காட்சியைவிட அதற்கே முதலிடம் தர வேண்டும். ஒடுங்கிய, வளைவான, தளம் கெட்ட சரிவை ஏறிக் கடப்பது, இறங்கிக் கடப்பதைவிடப் பாதுகாப்பானது. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் சக்கர விளிம்பை (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் சூடேறும். வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். கரையை நெருங்கும்போது காற்று அடித்துக்கொண்டுவந்த மணல் வளைவுகளின் உட்புறத்தில் குவிந்திருக்கும். 28 முதல் 32 மில்லிமீட்டர் டயர் இங்கே பொருத்தமாக இருக்கும் என்றாலும், மணலில் திருப்பினால் எந்த டயரும் வழுக்கும். இருபுறமும் உயர்ந்த வேலியோ மண்கரையோ உள்ள ஒற்றைத்தடச் சாலையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் மட்டுமே இறங்க வேண்டும். எதிரே வரும் டிராக்டருக்கும் நிற்பதற்கு மீதிப் பாதி வேண்டுமல்லவா.

கழிமுகத்தைப் படகில் கடக்கும் வழி இருந்தால், பல பத்து கிலோமீட்டர் சுற்றும் பாலத்து நெரிசலும் மிச்சமாகும். கடைசிப் படகின் நேரத்தையும், சைக்கிளை ஏற்றுவார்களா என்பதையும், மோசமான வானிலையில் படகு ஓடுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்துவிட்டு, படகு இல்லாவிட்டால் செல்ல வேண்டிய மாற்றுவழியையும் பாதையைச் சேமித்திருக்கும் கோப்பிலேயே வரைந்து வைத்துக்கொள்ளலாம். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும்போது மூழ்கும் சாலைகளும் சில கரைகளில் உண்டு. பிரான்சின் நுவார்முத்தியே தீவுக்குச் செல்லும் நாலு கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளமுள்ள குவா சாலை நாளுக்கு இருமுறை நீரில் மூழ்குகிறது. 1999 டூர் டி பிரான்ஸ் பந்தயம் அதன் மீது சென்றபோது, வழுக்கும் தளத்தில் வீரர்கள் கூட்டமாக விழுந்தார்கள். நீர் வடிந்த பிறகும் பாசி வடிவதில்லை. இப்படிப்பட்ட சாலை பாதையில் இருந்தால், ஓத அட்டவணையைப் பார்த்த பிறகே கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

பள்ளத்தாக்குகளில் கைபேசித் தொடர்பு அறுபடும் என்பதால், வரைபடத்தையும், பாதையின் தடத்தைச் சேமித்திருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் கடல் என்பதால், களைத்துப்போனால் விலகிச் செல்லும் சாலைகள் மறுபக்கம் மட்டுமே கிடைக்கும். அவற்றில் குறைந்தது இரண்டை, அடையும் ஊர்ப்பெயரோடு குறித்துக்கொள்வது நல்லது.

திரும்பியதும் உப்பைக் கழுவ வேண்டும். கடல்துளியும் ஈர மணலும் செயினிலும் திருகுகளிலும் தங்கினால் ஓரிரு நாளில் துரு பூக்கும். பேரிங்குக்குள் நீர் புகுந்துவிடும் என்பதால் அழுத்தக்குழாயைப் பயன்படுத்தாமல், வாளி நல்ல தண்ணீரும் துணியும் கொண்டு துடைத்து, உலரவிட்ட பின் செயினின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் கட்டைகளில் பதிந்திருக்கும் மணலை ஊசிமுனையால் நெம்பி எடுத்துவிட்டால், அடுத்த இறக்கத்தில் ரிம் தேயாது.