தைராய்டு, லிவர் ரிப்போர்ட்ல நம்பர் எகிறி வந்தா எப்படி பாக்கணும்?

ஃபுல் பாடி செக்கப் ரிப்போர்ட் வாட்ஸப்ல வந்ததும் எல்லாரும் தேடுறது போல்டுல இருக்க நம்பரைத்தான். அதை மட்டும் கூகுள்ல போட்டு பயந்துக்காதீங்க, பக்கத்துல என்ன இருக்குன்னு சேத்து பாத்தாதான் விஷயம் புரியும்.

முதல்ல டிஎஸ்ஹெச். இது தைராய்டுல சுரக்கறது இல்ல, மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரி தைராய்டுக்கு போடுற ஆர்டர், அதனால தைராய்டு சோம்பேறியானா டிஎஸ்ஹெச் ஏறும், ஓவரா வேலை செஞ்சா இறங்கும், இந்த தலைகீழ் கணக்குலதான் பாதி பேர் குழம்புறாங்க. நார்மல்னா கிட்டத்தட்ட 0.4ல இருந்து 4 வரை, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். 6, 7னு வந்து ஃப்ரீ டி4, அதாவது தைராய்டே சுரக்கற ஹார்மோன், நார்மலா இருந்தா அவசரம் இல்ல, ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்க சொல்வாங்க, நிறைய பேருக்கு தானாவே இறங்கிடும். 10ஐ தாண்டினாலோ ஃப்ரீ டி4 கம்மியா இருந்தாலோ பெரும்பாலும் மாத்திரைதான். கர்ப்பமா இருந்தா அளவே வேற, காத்திருக்காம டாக்டர பாருங்க.

இன்னொன்னு, முடி கொட்டுதுன்னு பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுறீங்களா? சில லேப் மெஷின்ல அது டிஎஸ்ஹெச்ச கம்மியாவும் டி4ஐ ஜாஸ்தியாவும் பொய்யா காட்டிரும். ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டு ரத்தம் குடுங்க, லேப்லயும் சொல்லிருங்க.

லிவர் பக்கம் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடின்னு ரெண்டு என்சைம், செல் அடிபட்டா ரத்தத்துல ஏறும். எஸ்ஜிபிடி முக்கியமா லிவரோடது, எஸ்ஜிஓடி தசையிலயும் இருக்கு, முந்தின நாள் ஜிம்ல வெயிட் தூக்கினாலே ஏறும். எஸ்ஜிபிடி லேசா தூக்கலா இருந்தா நம்ம ஊர்ல முதல் சந்தேகம் ஃபேட்டி லிவர் மேலதான், குடிக்காதவங்களுக்கும் வரும். எஸ்ஜிஓடி அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா டாக்டர் குடிப்பழக்கம் பத்தி கேப்பாரு, மறைக்காதீங்க. அல்கலைன் பாஸ்பட்டேஸ்ங்கற இன்னொரு என்சைம் மட்டும் ஏறினா எலும்பாவும் இருக்கலாம், வளர்ற பசங்களுக்கு ஜாஸ்தியாதான் இருக்கும். மஞ்சள் நிறமியான பிலிரூபின்ல இன்டைரக்ட் மட்டும் 2 மாதிரி வந்து மத்ததெல்லாம் நார்மல்னா கில்பர்ட்ங்கற பரம்பரை குணமா இருக்கலாம், பட்டினி கிடந்தா ஏறும், ஆபத்து இல்ல. லிவர் நிஜமாவே தன் வேலைய செய்யுதான்னு சொல்றது ஆல்புமினும் (லிவர் செய்யற புரதம்) ஐஎன்ஆரும்தான் (ரத்தம் உறையற டெஸ்ட்), ஆனா அந்த ரெண்டையும் யாரும் பாக்கறதே இல்ல.

ரெண்டும் சேர்ந்து தப்பா வந்தா? தைராய்டு கம்மியா இருக்கவங்களுக்கு லிவர் என்சைமும் கொலஸ்ட்ராலும் லேசா ஏறலாம், தைராய்டு சரியானதும் அதுவும் இறங்குதான்னு பாப்பாங்க, அதுக்குள்ள லிவர் டானிக்னு கண்டதையும் வாங்கி குடிக்காதீங்க, சில மூலிகை மருந்தே லிவர கெடுக்கும். தைராய்டு ஜாஸ்திக்கு கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அபூர்வமா அந்த மாத்திரையே லிவர தாக்கும்.

கண்ணு மஞ்சளா ஆச்சு, யூரின் டீ கலர்ல போகுது, குழப்பமா பேசுறாங்க, இல்ல என்சைம் ஆயிரக்கணக்குல இருக்குன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மத்தபடி பழைய ரிப்போர்ட்டும் சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டு போங்க.