நின்றுகொண்டு ஓட்ட பைக்கை செட் செய்வது எப்படி? ரைசர் வாங்கும் முன் ஸ்பேனரை எடுங்கள்

ஏற்காடு மலையில் நாகலூர் தாண்டி ஒரு எஸ்டேட் மண் ரோடு. தெரிந்தவர் எஸ்டேட் என்பதால் கேட்டைத் திறந்து விட்டார்கள். கல்லும் பள்ளமும் வந்ததும் வீடியோவில் பார்த்த மாதிரி எழுந்து நின்றேன். பத்து நிமிடம் ஜோராகப் போனது. இருபதாவது நிமிடத்தில் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது, முன்கை இரண்டும் கட்டையாகிவிட்டன, பின் பிரேக் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. ஏற்காட்டுக்குத் திரும்பி வந்து டீ கிளாஸைப் பிடித்தால் கை நடுங்குகிறது.

அன்று இரவே ஹேண்டில்பார் ரைசர், அதாவது ஹேண்டிலுக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் கட்டை, ஆர்டர் போட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ரைசர் வந்தது, மாட்டினேன், முதுகு வலி கொஞ்சம் குறைந்தது. மற்றபடி எல்லாம் பழைய கதைதான். அப்புறம் சேலம் கோரிமேட்டில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் என்னை பைக் மேல் எழுந்து நிற்கச் சொன்னார். முன்சக்கரத்தைத் தன் முட்டிகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கையை எடுங்க தம்பி" என்றார். எடுத்தேன். பொத்தென்று சீட்டில் விழுந்தேன்.

"பாத்தீங்களா? நீங்க கால்ல நிக்கல. ஹேண்டில்பார்ல தொங்கிட்டு இருக்கீங்க."

கீழே வரும் எல்லா வேலையும் அந்தத் தொங்கலை நிறுத்துவதற்குத்தான். என்னுடையது எக்ஸ்பல்ஸ் 200. ஹிமாலயனோ, நம்பர் பிளேட் இல்லாத அசல் டர்ட் பைக்கோ எதுவானாலும் முறை ஒன்றுதான். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கால், பிறகு கை. நான் தலைகீழாகச் செய்ததால் ஒரே வேலையை இரண்டு முறை செய்தேன்.

என்ன தேவை

ஸ்பேனர் செட், எல்-கீ செட், இன்ச் டேப், வெள்ளை மார்க்கர், பிடித்துக்கொள்ள ஒரு ஆள். ஆள் கிடைக்காவிட்டால் சுவரும் தூணும் உள்ள இடத்தில் பைக்கை நேராக நிறுத்திக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆள் இருந்தால் பக்கத்தில் இருந்து போட்டோ எடுத்துக் காட்டுவார். நாம் நிற்கும் லட்சணம் நமக்குத் தெரியாது.

ஓட்டும்போது போடும் பூட்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். செருப்புக் காலோடு செட் செய்த கியர் லிவர், பூட்ஸ் போட்ட நாளில் காலை வாரும். எதைத் தளர்த்துவதற்கு முன்பும் அது இருந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வழி வேண்டும் இல்லையா?

முதலில் நிற்கப் பழகுங்கள்

பைக்கை ஆள் பிடித்திருக்க, இன்ஜின் ஆஃப். ஃபுட்ரெஸ்டில் பாதத்தின் நடுப்பகுதி அல்லது அதற்குச் சற்று முன்பகுதி படும்படி ஏறி நில்லுங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். விறைப்பாக நீட்டினால் ஒவ்வொரு கல்லின் அடியும் நேராக முதுகுக்கு வரும். இடுப்பை மட்டும் மடக்கி, பின்புறத்தைக் கொஞ்சம் பின்னே தள்ளி, நெஞ்சை முன்னே கொண்டு வாருங்கள். குனிந்து கோலம் போடுகிறவர்கள் முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்குவார்களே, அந்த மடக்கு. முட்டிகள் டேங்கைத் தொட வேண்டும். முழங்கை வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும்.

இப்போது கையை ஹேண்டிலில் இருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள். விழாமல் ஐந்து நொடி நிற்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் எடை காலில் இருக்கிறது. முடியாவிட்டால் இடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தி அந்தப் புள்ளியைத் தேடுங்கள். கிடைக்கும். இந்த நிலை உடம்பில் பதியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். தவறான நிலைக்குப் பொருத்தமாக பைக்கை மாற்றுவதில் பயன் இல்லை.

கடையில் எல்லோரும் சீட் உயரம் கேட்பார்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி என்றால் 825 மி.மீ. என்று பதில் வரும். நிற்கிறவனுக்கு அந்த எண் எதற்கு? நமக்கு வேண்டியது ஃபுட்ரெஸ்டில் இருந்து ஹேண்டில் கிரிப் வரை உள்ள தூரம். டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

ஃபுட்ரெஸ்ட்

பல பைக்குகளில் ஃபுட்ரெஸ்டின் மேல் ரப்பர் இருக்கும். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும், கீழே இரும்புப் பல் தெரியும். மண் ரோட்டுக்கு அந்தப் பல்தான் வேண்டும். மழை நின்ற காலையில் சேற்றில் கால் ஊன்றிவிட்டு ரப்பர் மேல் வைத்துப் பாருங்கள், சோப்பு மேல் நிற்கிற மாதிரி இருக்கும். கழற்றிய ரப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். நீண்ட தார் ரோட்டுப் பயணத்தில் அதிர்வைக் குறைக்க அது தேவைப்படும்.

ஃபுட்ரெஸ்ட் குறுகலாக இருந்தால் பாதம் ஒரு கம்பி மேல் நிற்கிற மாதிரி வலிக்கும். இந்தப் பட்டியலில் காசு செலவழிக்கத் தகுந்த முதல் பொருள் அகலமான ஃபுட்ரெஸ்ட்தான் என்பேன். உயரமானவர்களுக்குச் சற்றுக் கீழே இறங்கிய மாடலும் உண்டு. அது முதுகுக்கு நல்லது, ஆனால் பள்ளமான தடத்தில் கல்லில் இடிக்கும் வாய்ப்பு கூடும்.

கியர் லிவர்

நிற்கும்போது பூட்ஸ் முனை லிவருக்கு அடியில் சிக்கலில்லாமல் போக வேண்டும். போகவில்லை என்றால் லிவரை உயர்த்துங்கள். நேரடியாக ஷாஃப்டில் மாட்டிய லிவர் என்றால் போல்ட்டை முழுதாக வெளியே எடுத்துவிட்டு லிவரை உருவி, ஒரு பல் மேலே தள்ளி மாட்டுங்கள். போல்ட்டைத் தளர்த்தி மட்டும் இழுத்தால் வராது, ஷாஃப்டில் அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும். நடுவில் கம்பி இணைப்பு உள்ள மாடலில் இரண்டு முனை லாக் நட்டையும் தளர்த்தி, கம்பியைத் திருகினால் போதும். பெரும்பாலும் ஒரு முனை நட் எதிர்ப்பக்கம் திரும்பும், வம்படியாக இழுக்காதீர்கள்.

பின் பிரேக் பெடல்

இங்கே நிதானமாகப் படியுங்கள். நான் அடிபட்டுக் கற்ற பாடம் இது.

உட்கார்ந்து ஓட்டும்போது பாதம் முன்னே சரிந்து பெடல் மேல் தானாக விழும். நிற்கும்போது கணுக்கால் மடங்கி நிற்பதால், அதே பெடல் ரொம்பக் கீழே போய்விட்ட மாதிரி இருக்கும். எட்டிப் பிடிக்க முட்டியை மடக்க வேண்டும், உடனே பேலன்ஸ் போகும். அதனால் பெடலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் பெடலில் இருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு (பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பகுதி) போகும் குட்டிக் கம்பியில் ஒரு லாக் நட் இருக்கும். அதைத் தளர்த்தி, கம்பியைத் திருகினால் பெடல் ஏறும், இறங்கும். அரைச் சுற்று திருப்பி, ஏறி நின்று பாருங்கள். மறுபடி அரைச் சுற்று. பாதத்தை ஃபுட்ரெஸ்டில் இருந்து தூக்காமல், பூட்ஸ் முனையைச் சற்றுச் சரித்தாலே பிரேக் பிடிக்கிற இடம்தான் சரியான இடம்.

நான் ஆர்வக்கோளாறில் உயர்த்திக்கொண்டே போனேன். கையால் அழுத்தினால் பெடலில் துளி ப்ளே இல்லை, அதாவது பிரேக் பிடிக்கும் முன் சும்மா இறங்கும் இடைவெளி இல்லை. பிரேக் நச்சென்று பிடிக்கிறது என்று சந்தோஷம் வேறு. மறுநாள் ஏற்காட்டில் இருந்து குப்பனூர் வழியாக இறங்கினேன். பாதி மலையில் வண்டி தானாகவே மெதுவாகிறது. கிளட்ச் கருகுகிறதோ என்று நினைத்து நிறுத்தினால், பின் சக்கரத்தில் இருந்து நாற்றம். டிஸ்க் ஓரம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. பெடலில் ப்ளே இல்லாததால் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுதாகப் பின்னே வரவில்லை. ஆயில் திரும்பிப் போக வழி இல்லை. சூடாக ஆக ஆயில் விரிந்து, பிரேக் தன்னைத்தானே இன்னும் இறுக்கிக்கொண்டது.

தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றலாம் என்று கை போனது, நல்லவேளை ஊற்றவில்லை. அவ்வளவு சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும். சாலையோரம் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஆறிய பிறகு கம்பியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, முன் பிரேக்கை நம்பி இறங்கினேன்.

ஆகவே பெடலை மாற்றியதும் இரண்டு சோதனை கட்டாயம். பின் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால் கடிக்கும் முன் சில மி.மீ. சும்மா இறங்க வேண்டும், சரியான அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும். கூடவே பிரேக் லைட்டையும் பாருங்கள். பெடல் உயர்ந்ததும் லைட் எரிந்துகொண்டே இருக்கலாம், ஸ்விட்சின் நட்டைத் திருப்பிச் சரி செய்துவிடலாம்.

ஹேண்டில்பார்

இப்போதுதான் கைக்கு வருகிறோம். ரைசர் வாங்கும் முன் இருக்கிற ஹேண்டிலைச் சுழற்றிப் பாருங்கள், பைசா செலவில்லை. ஹேண்டிலைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் பெரும்பாலும் நான்கு போல்ட் இருக்கும். நான்கையும் கழற்ற வேண்டாம், ஹேண்டில் திரும்பும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். பக்கத்தில் இருந்து பார்க்கும்போது ஹேண்டில் மேலெழும் பகுதி முன் ஃபோர்க்கின் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாக இருப்பது நல்ல ஆரம்பம். அங்கிருந்து இரண்டு மூன்று மி.மீ. முன்னே தள்ளி, ஏறி நின்று பாருங்கள். பின்னே வந்தால் முழங்கை விலாவோடு ஒட்டும். ரொம்ப முன்னே போனால் மெதுவாகத் திருப்பும்போது வண்டி விநோதமாக விழும்.

இறுக்கும்போது எந்தப் பக்கம் முதலில், கிளாம்ப்பில் இடைவெளி எங்கே இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். அடியில் இருப்பது அலுமினியம் என்றால் முழு பலம் கொடுத்தால் மரை போய்விடும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கடன் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுழற்றியும் முதுகு வளைகிறது என்றால் ரைசர். நான் ஐந்தடி ஒன்பது அங்குலம், 25 மி.மீ. எனக்குப் போதுமானதாக இருந்தது. ஐந்தரை அடிக்குக் கீழே இருப்பவர்களுக்கு ரைசர் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஹேண்டில் நெஞ்சுக்கு ஏறினால் தோள்தான் வலிக்கும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டும் வரை திருப்பி, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், வயர் எதுவும் இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எட்டவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி தானாகப் பாயும்.

கிளட்ச், பிரேக் லிவர்

என் முன்கை வலிக்குக் காரணம் ரைசர் இல்லாதது அல்ல, இதுதான். கம்பெனியில் இருந்து வரும்போது லிவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு ஏற்ற சாய்வில் இருக்கும். எழுந்து நின்றால் முன்கை மேலிருந்து கீழே வருகிறது, லிவரோ உயரத்தில் நிற்கிறது. அதைப் பிடிக்க மணிக்கட்டை மேல்நோக்கி உடைக்க வேண்டியிருக்கும். அந்தக் கோணத்தில் நூறு முறை கிளட்ச் பிடித்தால் டீ கிளாஸ் நடுங்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இது. கண்ணை மூடி, நின்ற நிலையில், கிரிப்பில் கை வைத்து விரல்களை நீட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்: முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்க்கோடா? விரல் எங்கே நீள்கிறதோ அங்கே லிவரைச் சுழற்றி இறக்குங்கள். தினமும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு டிராஃபிக்கில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். பிரேக் பக்கம் ஆயில் டப்பாவும் சேர்ந்து சாயும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆயில் அளவைப் பார்க்கும்போது மட்டும் ஹேண்டிலைத் திருப்பி டப்பாவை மட்டமாக்கிப் பாருங்கள்.

லிவர் கிளாம்ப்பை உடும்புப் பிடியாக இறுக்காதீர்கள். கையால் பலமாகத் தட்டினால் சுழல வேண்டும், சும்மா ஓட்டும்போது அசையக் கூடாது. கீழே விழுந்தால் லிவர் உடையாமல் சுழன்று தப்பிக்கும். குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று ஹேண்டிலில் சுற்றி, அதன் மேல் கிளாம்ப்பை வைத்தால் இந்தப் பதம் சுலபமாக வரும்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் வீட்டுப் பக்கம் ஒரு காலி மனையில் முதல் கியரில் வட்டம் போடுங்கள். பிறகு மலை. அடிவாரத்தில் இருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவிலும் நின்றுகொண்டு ஓட்டிக் காட்டாதீர்கள், தார் ரோட்டில் உட்காருவதுதான் மரியாதை. வனத்துறைத் தடங்களில் நுழையாதீர்கள், எஸ்டேட் ரோடு என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும் இடத்தில் கண் வையுங்கள்.

இருபது நிமிடம் நின்று ஓட்டிய பிறகு நிறுத்தி, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பு என்றால் ஹேண்டில் தாழ்வு, அல்லது நீங்கள் முதுகை வளைக்கிறீர்கள். தோள் என்றால் ஹேண்டில் உயரம். மணிக்கட்டு, முன்கை என்றால் லிவர், அல்லது மறுபடி தொங்க ஆரம்பித்துவிட்டீர்கள். தொடை எரிந்தால் முட்டி அதிகம் மடங்குகிறது, சில வாரம் பழகினால் அதுவும் பாதி குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இறங்கி வந்ததும், அடிவாரத்தில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் எல்-கீயால் ஹேண்டில் போல்ட் நான்கையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். எனக்கு முதல் நாளே ஒன்று கால் சுற்று இறங்கியிருந்தது.